வீடியோவுக்கும் மார்க் போடலாம்

பாம்புக்கடி முதலுதவி என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டு, பிளேடால் கீறு, ரத்தத்தை உறிஞ்சித் துப்பு என்கிறார் ஒருவர். மூன்றுமே தவறு. இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று காலே போய்விடலாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல், விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும். அவ்வளவுதான்.

இணையத்தில் வரும் மருத்துவத் தகவலை எடைபோட, ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழ் 1997-லேயே வழி சொன்னது. சொல்வது யார்? ஆதாரம் என்ன? எப்போது சொன்னது? பின்னால் யார் பணம்? இந்த வீடியோவில் பெயர் இல்லை, தேதி இல்லை. கடைசியில் ஒரு வேர்ப்பொடி விளம்பரம் மட்டும் இருக்கிறது. (பின்னணி இசை நன்றாகத்தான் இருந்தது!)

நான்கும் சரியாக இருந்தாலும் நான் உடனே பாஸ் போடமாட்டேன். பெயரும் தேதியும் அழகாக எழுதிய விடைத்தாளில் விடை தப்பாக இருப்பதை எத்தனை பார்த்திருக்கிறோம்! எப்போது மருத்துவரிடம் போக வேண்டும் என்று சொல்கிறதா என்றும் பார்ப்பேன்.

வயற்காட்டை ஒட்டி வீடு உள்ளவர்கள் நம்மில் பலர். அதை அனுப்பியவர்கள் தயவுசெய்து நீக்கிவிட்டு, யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ அவர்களிடமும் சொல்லிவிடுங்கள். 108 எண் எல்லார் வீட்டுச் சுவரிலும் இருக்கட்டும்.