ஊரவன் என்றொரு சொல்

'பைஸா' என்னும் ஒலி தமிழ்ச் செவிக்கு நாணயமொன்றையே நினைவூட்டும். ஆயின், தென் இத்தாலியப் பேச்சு வழக்கிலே அதற்கு 'ஊரவன்' என்பது பொருள். இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது இத்தாலிக்குட் புகுந்த அமெரிக்கச் சிப்பாய்களும் அந்நாட்டுக் குடிமக்களும் ஒருவரையொருவர் விளித்த சொற்களுள் இதுவும் ஒன்றாயிற்று. கடல் கடந்து துப்பாக்கியோடு வந்த அந்நியனும், வீடிழந்து தெருவில் நிற்பவனும் ஒருவரையொருவர் 'ஊரவன்' என அழைப்பது நட்பின் வெளிப்பாடா, வயிற்றுப்பாட்டின் உபாயமா, அன்றி இரண்டும் கலந்த ஒன்றா? றொபேர்ட்டோ ரொஸெலினி 1946 ஆம் ஆண்டில் நெறிப்படுத்திய திரைப்படம் இச்சொல்லையே தன் பெயராகக் கொண்டது. அச்சொல் மெய்யாகும் கணங்களையும் பொய்யாகும் கணங்களையும் ஒருங்கே நிறுத்துப் பார்ப்பதே அதன் பணி எனலாம்.

இத்தாலிய நவயதார்த்தவாதம் போரின் இடிபாடுகளுக்கிடையே முகிழ்த்த கலை இயக்கமாகும். 1922 முதல் 1943 வரை நீடித்த முசோலினியின் ஆட்சியிலே, செல்வர் மாளிகைகளின் காதற் களியாட்டங்களும் ஆட்சியின் புகழ்பாடும் படங்களும் மலிந்திருந்தன. போர் முடிவுற்றபோது கலைஞர்கள் கமராவைத் தெருவுக்குக் கொண்டு வந்தனர். தொழில்முறை நடிகரோடு சாதாரண மக்களும் நடித்தனர். இடிந்த சுவர்களே காட்சியமைப்பாயின. ரொஸெலினியின் 'உரோம், திறந்த நகரம்' (1945), டி சீக்காவின் 'சைக்கிள் திருடர்கள்' (1948) முதலியன இவ்வியக்கத்தின் பெரும்பேறுகள். ரொஸெலினியே பாஸிச ஆட்சிக் காலத்தில் இராணுவஞ் சார்ந்த படங்களை எடுத்தவர் என்பதும் ஈண்டு மறைக்கற்பாலதன்று. தாமும் பங்குகொண்ட பொய்யொன்றிலிருந்து விடுபட முனையும் ஒருவரின் கூர்மை 'பைஸா'வின் பார்வையிலே தென்படுகின்றது.

படம் ஆறு தனிக்கதைகளாலானது. 1943 ஆம் ஆண்டு யூலை 10 ஆம் திகதி நேசநாட்டுப் படைகள் சிசிலியிற் கரையிறங்கியதிலிருந்து, 1944 ஆம் ஆண்டின் பனிக்காலத்திலே போ நதியின் கழிமுகத்தில் நடந்த மோதல்கள் வரை, தெற்கிலிருந்து வடக்கு நோக்கி அது நகர்கின்றது. செய்திப்படத் துண்டுகளும் அறிவிப்பாளரின் குரலும் கதைகளை இணைக்கின்றன. அறிவிப்பாளர் படைகளின் முன்னேற்றத்தைக் கூறுவார். அதனையடுத்து வரும் கதையோ அம்முன்னேற்றத்தின் காலடியில் அகப்பட்ட இரண்டொரு மனிதரைக் காட்டும். வரலாற்று நூல் ஒரு வரியில் முடித்துவிடும் இடத்திலேதான் ரொஸெலினி தொடங்குகிறார்.

முதற் கதையிலே கார்மேலா என்னும் சிசிலிக் கிராமத்துப் பெண், கண்ணிவெடிகளைத் தவிர்த்துச் செல்லும் வழியை அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் காட்டுகிறாள். காணாமற்போன தந்தையையும் சகோதரனையும் தேடுவதே அவள் நோக்கம். பாழடைந்த கோட்டையொன்றிலே ஜோ என்னும் சிப்பாயும் அவளும் தனித்து விடப்படுகின்றனர். ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாது. எனினும் வீடு, உறவு என்பனவற்றைச் சைகையாலும் அரைகுறைச் சொற்களாலும் பேசத் தலைப்படுகின்றனர். தன் குடும்பப் புகைப்படத்தைக் காட்டுவதற்காக ஜோ லைற்றரைப் பற்றவைக்கிறான். அச்சிறு வெளிச்சத்தைக் குறிவைத்து ஜேர்மானியன் ஒருவன் சுடுகின்றான். ஜோ இறந்தபின் அவனது துப்பாக்கியை எடுத்து எதிரியை நோக்கிச் சுடுகிறாள் கார்மேலா. மீண்டு வந்த அமெரிக்கர், ஜோவின் உடலைக் கண்டு, அவளே அவனைக் கொன்றுவிட்டாள் என்று சபிக்கின்றனர். இறுதிக் காட்சியிலே அவள் கடலோரப் பாறைகளின்மீது உயிரற்றுக் கிடக்கிறாள். அவள் செய்ததை அறிந்தோர் இருவகையினரே: அவளைக் கொன்ற ஜேர்மானியரும் அதனைக் கண்டிருந்த பார்வையாளரும். ஜேர்மானியர் அதனை எவர்க்கும் எடுத்துரைக்கப் போவதில்லை. எஞ்சிய சாட்சி பார்வையாளன் ஒருவனே.

இந்தச் சாட்சிப் பொறுப்புத்தான் படம் முழுவதையும் தாங்கும் அச்சாணி. நேப்பிள்ஸ் நகரிலே மதுபோதையிலிருக்கும் கறுப்பினச் சிப்பாய் ஒருவனைத் தெருச் சிறுவர் தமக்குள் விலைபேசுகின்றனர். அவனைப் பெற்ற பஸ்குவாலே என்ற சிறுவன், நீ உறங்கினால் உன் சப்பாத்துக்களைத் திருடிவிடுவேன் என்று முன்கூட்டியே எச்சரிக்கிறான். சிப்பாயோ, வெற்றி வீரனாக நாடு திரும்பும் கனவைக் கூவிக் கூவிச் சொல்லி, ஈற்றிலே தனக்கு வீடு திரும்ப விருப்பமில்லை எனக் கூறி உறங்கிப்போகிறான். அமெரிக்க இராணுவத்திலே இனப் பாகுபாட்டை ஒழிக்கும் ஆணை 1948 இலேயே பிறப்பிக்கப்பட்டது என்பதை நினைவிற்கொண்டால், இப்பேச்சின் கசப்பு விளங்கும். பின்னர், இராணுவப் பொலிஸ்காரனாக அச்சிறுவனைப் பிடித்து, பெற்றோரிடம் முறையிடவென அவன் இருப்பிடத்துக்குச் செல்கிறான். அங்கே, குகையொன்றுள் வீடற்றோர் கூட்டங் கூட்டமாக வாழ்கின்றனர். பெற்றோர் எங்கே என்ற வினாவுக்குச் சிறுவன் குண்டுவீச்சைச் சைகையாற் காட்டுகிறான். சிப்பாய் சப்பாத்துக்களைக் கீழே போட்டுவிட்டு அகன்று விடுகிறான். அவன் கண்டதை அவனாலே தாங்க முடியவில்லை. தன் நாட்டில் இழிவுற்றவன், வேற்று நாட்டில் அதனினும் வறியவனைக் காண்கிறான்; ஆயினும் அவனுக்கு அளிப்பதற்கு அவனிடம் ஏதுமில்லை.

ஏனைய கதைகளிலும் மனிதர் ஒருவரையொருவர் தவறவிடுகின்றனர். 1944 யூன் 4 ஆம் திகதி உரோம் விடுவிக்கப்பட்ட நாளிலே தண்ணீர் கொடுத்து வரவேற்ற பெண்ணை, ஆறு மாதங்களின் பின், விலைமகளாகச் சந்திக்கும் சிப்பாய் அடையாளங் காணவில்லை. அவள் எழுதிவைத்த முகவரியை எறிந்துவிடுகிறான். அவளோ மழையிலே காத்து நிற்கிறாள். புளொரன்ஸில் ஆர்னோ நதியின் பாலங்களைப் பின்வாங்கும் ஜேர்மானியர் தகர்த்தபின், ஒரு செவிலியும் ஒரு குடிமகனும் கலைக்கூடத்தின் நடைவழியூடாக மறுகரையை அடைகின்றனர். இக்கரையில் ஆங்கில அதிகாரிகள் தொலைநோக்கியால் நகரின் கட்டடச் சிறப்பைக் கண்டு களிக்கின்றனர். மறுகரையிலோ எதிர்ப்பியக்கத்தினர் மடிந்துகொண்டிருக்கின்றனர். அகப்பட்ட பாஸிஸ்ட்டுகளை எதிர்ப்பியக்கத்தினர் தெருவிலேயே சுட்டு வீழ்த்துவதையும் படம் மறைக்கவில்லை. செவிலி தேடிவந்த தலைவன் அன்று காலையே இறந்த செய்தியை, மரணத் தறுவாயிலுள்ள வேறொருவனின் வாயாற் கேட்கிறாள்.

ஐந்தாங் கதை விவாதத்திற்குரியது. கத்தோலிக்கர், புரட்டஸ்தாந்தர், யூதர் ஆகிய மூன்று படைக் குருமார் இத்தாலிய மடமொன்றிலே தங்குகின்றனர். அவர்களுள் இருவர் தம் மதத்தவரல்லர் என அறிந்த துறவியர், அவ்விருவர்தம் மீட்புக்காக உண்ணாநோன்பு பூணுகின்றனர். இதனை எளிய பத்தியின் மேன்மையெனக் கொள்வாருமுளர். எனினும், 1943 ஒக்டோபர் 16 ஆம் திகதி உரோம் நகரிலேயே யூதர் பிடிக்கப்பட்டு, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அவுஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்ட செய்தியை அறிந்தோர்க்கு இந்நோன்பு நெருடலாகவே தோன்றும். விருந்தாளியை உபசரிப்பதற்கும் அவனை அவனாகவே ஏற்றுக்கொள்வதற்குமிடையே எத்துணை இடைவெளி உண்டென்பதை இக்கதை, நெறியாளரின் நோக்கம் எதுவாயினும், வெளிக்கொணர்ந்து விடுகின்றது.

இறுதிக் கதையே படத்தின் உச்சம். நாணற் காடும் சேற்று நீரும் நிறைந்த போ நதிக் கழிமுகத்திலே எதிர்ப்பியக்கத்தினரும் அமெரிக்கர் சிலரும் ஒன்றாகப் போரிடுகின்றனர். மீனவக் குடும்பமொன்று அவர்களுக்கு விலாங்கு மீனும் சோளமாக் களியும் கொடுத்து உதவுகின்றது. பின்னர் அக்குடும்பத்தார் கொன்று வீழ்த்தப்பட்டுக் கிடக்க, குழந்தையொன்று மட்டும் அழுது நிற்கின்றது. அவர்கள் உதவிய செய்தி எவ்வாறு ஜேர்மானியர்க்கு எட்டியது, கொலை எவ்வாறு நிகழ்ந்தது என்பன காட்டப்படவில்லை. பிரெஞ்சு விமர்சகர் அந்ரே பஸான் 1948 இல் இக்காட்சியைச் சுட்டி, இவ்வகை இடைவெளிகளே ரொஸெலினியின் கதைசொல்லும் முறையின் அடிப்படை என விளக்கினார். போரினுள் வாழும் மக்களுக்கும் இவ்வாறே நிகழ்ச்சிகள் வந்து சேருகின்றன. வெடியோசை கேட்கும், போய்ப் பார்த்தால் பிணங்கள் கிடக்கும். காரணங்களைக் கோவைப்படுத்துவது பின்வரும் வரலாற்றாசிரியனின் வேலை.

கைதான அமெரிக்கரும் ஆங்கிலேயரும் போர்க் கைதிகள். இத்தாலியப் போராளிகளுக்கோ அத்தகுதி மறுக்கப்படுகின்றது. கைகள் கட்டப்பட்ட நிலையிலே அவர்கள் ஒவ்வொருவராக நீருக்குள் தள்ளப்படுகின்றனர். இதனைப் பொறாத அமெரிக்கன் ஒருவன் கூவிக்கொண்டு ஓடிவருகிறான், அவனும் சுடப்படுகிறான். உயிர்தப்பும் உரிமை அவனுக்கிருந்தது. அதனை அவன் துறந்தான். அறுவகைக் கதைகளிலும் 'ஊரவன்' என்ற சொல் முழுமையாக மெய்ப்படும் இடம் இதுவே. இதற்குப் பின் அறிவிப்பாளர், இது 1944 இன் பனிக்காலத்தில் நிகழ்ந்தது, வசந்தத்தின் தொடக்கத்திலே போர் முடிந்துவிட்டது என்ற பொருள்பட இரண்டொரு வாக்கியங்களைக் கூறி நிறுத்துகிறார். திரையில் நீரலைகளே எஞ்சுகின்றன.

இத்தாலிய மக்களுட் பலர் பாஸிசத்தோடு இணங்கி வாழ்ந்த இரு தசாப்தங்களைப்பற்றி இப்படம் போதிய அளவு பேசவில்லை என்ற குற்றச்சாட்டு நியாயமானதே. பாதிக்கப்பட்டோரைக் காட்டும் படம், பாதிப்புக்கு வழிகோலியவர்களின் உடந்தையைப் புறத்தே விட்டுவிட்டது. எனினும் அது எடுத்துக்கொண்ட பொறுப்பிலிருந்து வழுவவில்லை. வெற்றி அறிக்கைகளிலே இடம்பெறாதவர்களை, அவர்கள் வீரரென்றோ தியாகியரென்றோ முழங்காது, நிகழ்ந்தவாறே நினைவில் நிறுத்துதல் அப்பொறுப்பாகும்.

போர் முடிந்ததென்ற செய்தி அந்த மீனவக் குழந்தைக்கு என்ன பயனைத் தந்திருக்கும்? கார்மேலாமீது விழுந்த பழியை அது துடைத்திருக்குமா? படம் விடை கூறவில்லை. அரங்கிலே விளக்குகள் எரியும்போது, பாறைகளின்மீது கிடந்தவள் யார் என்பதை அறிந்தவர்களாகப் பார்வையாளர் எழுந்து செல்கின்றனர். அவளை ஊரவளென்று சொல்லிக்கொள்வதற்கு இனி அவர்களைத் தவிர வேறெவருமில்லை.