வண்டியின் சுமைதாங்கி

பழைய மோட்டார் கார் ஒன்று வீதியிலே செல்லும்போது அதனைப் பின்னால் நின்று நோக்குங்கள். சில கார்கள் முன்புறம் நிமிர்ந்து, பின்புறம் தாழ்ந்து, நெடுவழி நடந்து களைத்தவர் போலச் செல்லும். "வயது போய்விட்டது, இனி என்ன செய்வது?" என்று உடையவர் அமைதி கொள்வார். ஆனால், பின்புறம் தாழ்தல் முதுமையின் இயல்பன்று. அது ஒரு குறை. குறைக்குக் காரணம் உண்டு; பரிகாரமும் உண்டு.

எம்மிடம் இருப்பது 1958ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர் கார். அலெக் இசிகோனிஸ் என்பார் வடிவமைத்த இவ்வகைக் கார் 1948ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் கண்காட்சியிலே முதன்முதல் மக்கள் பார்வைக்கு வந்தது. பிரித்தானியக் கார்களுள் பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை முதலில் எட்டியதும் இதுவே. யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளிலே இன்றும் இதனைக் காணலாம்.

இதன் பின்சக்கரங்களுக்கு மேலுள்ள பாரத்தைத் தாங்குவது தகட்டு வில். நம் பாட்டன்மார் ஏறிச்சென்ற வில்லுவண்டிக்கு அப்பெயரைத் தந்ததும் இத்தகைய வில்லே. நீளம் குறைந்து செல்லும் உருக்குத் தகடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, நடுவே ஓர் ஆணியாற் பிணைத்திருப்பர். முதற்றகட்டின் இரு முனைகளும் வளையமாகச் சுருட்டப்பட்டிருக்கும். முன்வளையம் வண்டியின் சட்டத்தோடு பொருந்தும். பின்வளையம் 'ஷக்கிள்' எனப்படும் ஊசலாடும் இணைப்பிலே தொங்கும். சுமை ஏறும்போது வளைவு குறைந்து வில் நீள்கின்றது. அந்நீட்சிக்கு இடங்கொடுப்பது அவ்விணைப்பே.

வில்லின் நீட்சி அதன்மீதுள்ள விசைக்கு நேர்விகிதமாகும் என்று றொபேட் ஹூக் 1678ஆம் ஆண்டில் வெளியிட்ட விதியை மாணவர்கள் அறிவர். அவ்விதிக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் அறிவர். எல்லைக்குட்பட்ட சுமையை இறக்கினால் வில் பழைய வடிவத்தை அடையும். எல்லை கடந்த சுமையை ஏற்றினால், இறக்கிய பின்னரும் வளைவிலே ஒரு பங்கு திரும்பி வாராது. ஆண்டுக்கணக்கான அதிர்ச்சியும், தகடுகளுக்கிடையே ஏறும் துருவும் அக்கேட்டை விரைவுபடுத்தும்.

எம் காரும் எல்லை கடந்த சுமையைத் தாங்கியதுதான். எம் தந்தையார் வாங்கிய அக்கார், 1990களிலே குடாநாட்டிற் பெற்றோல் கிடையாத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியது. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது எமக்கு வயது பதினைந்து. நால்வர் இருக்கவேண்டிய அவ்வண்டியில் அன்று ஒன்பதின்மர் இருந்தோம். பின்பெட்டியிலே அரிசி மூட்டைகளும் பாத்திரங்களும் இருந்தன. நடக்கவியலாத அயல்வீட்டு முதியவர் இருவரையும் அதுவே கொண்டுசேர்த்தது. எல்லையைக் கணக்கிட்டுச் சுமையேற்றும் நாளாக அந்நாள் இருக்கவில்லை.

இப்போது எம் தாயாருக்கு வயது எழுபத்தெட்டு. மாதந்தோறும் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கின்றோம். சென்ற ஆண்டிலே பின்புறம் மிகத் தாழ்ந்துவிட்டமையால், பள்ளந்தோறும் அச்சு மேலெழுந்து தடுப்பு றப்பரில் மோதிற்று. அம்மோதல் தாயாரின் முதுகெலும்பிற் சென்று முடிந்தது. காரை விற்றுவிடும்படி வெளிநாட்டிலுள்ள உடன்பிறந்தார் எழுதினர். தாயார் உடன்பட்டாரல்லர். "எங்களைச் சுமந்ததெல்லோ, தம்பி" என்ற ஒன்றே அவர் சொன்னார். ஆயினும், அவர் அதில் ஏறும்போதெல்லாம் முகத்தைச் சுளிப்பதையும் கண்டோம்.

நகரத்துக் கராஜ் ஒன்றிலே காட்டினோம். "மாஸ்டர், சொக் அப்சோபரை மாத்தினால் எல்லாம் சரிவரும்" என்றனர். பலரும் கூறும் பரிகாரம் இது. பலரும் பணத்தை இழப்பதும் இதனாலேயே. சொக் அப்சோபர் சுமை தாங்கும் உறுப்பன்று. வில்லின் ஆட்டத்தை விரைவில் அடக்குவதே அதன் தொழில். மைனர் காரின் பின்புறத்திலே எண்ணெய் நிரப்பிய நெம்பு வகைச் சொக் அப்சோபர் உண்டு. அது பழுதாயின் வண்டி ஊஞ்சல்போல ஆடும். ஆனால் நின்றநிலையில் தாழாது. ஆடுதல் வேறு, தாழ்தல் வேறு.

குறையைக் கண்டறிவது கடினமன்று. சமதரையிலே வெறும் வண்டியை நிறுத்தி, டயர்களிற் காற்றைச் சரிபார்த்து, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்காட்டின் விளிம்புவரை இருபுறமும் அளக்க வேண்டும். இருபுறமும் ஒத்துத் தாழ்ந்திருந்தால் விற்கள் தளர்ந்தன எனலாம். ஒருபுறம் மட்டும் தாழ்ந்தால் உடைந்த தகட்டையோ, தேய்ந்த றப்பரையோ, வில் பொருந்தும் சட்டத்திலுள்ள துருவையோ அப்பக்கத்திலே தேடுக. எம் காரில் வலப்புறம் இடப்புறத்தினும் மூன்று சென்ரிமீற்றர் தாழ்ந்திருந்தது. கழற்றியபோது, அப்புறத்து இரண்டாந் தகடு முறிந்து கிடந்தது.

எம் ஊரிலுள்ள முதிய மெக்கானிக் ஒருவர் மூன்று வழிகளை எடுத்துரைத்தார். ஒரு தகட்டை மேலதிகமாகச் சேர்க்கலாம். வண்டி உயரும், ஆனால் பயணம் கடினமாகும். முதுகு நோகும் தாயாருக்கு அது உதவாது. பழைய தகடுகளைக் கொல்லர் பட்டறையிலே மீண்டும் வளைக்கலாம். ஆனால் உலையிற் காய்ச்சிய உருக்கை முறைப்படி பதப்படுத்தாவிடில் அது விரைவிலே தளரும். முறிந்த தகட்டை எவ்வாறும் வளைத்துப் பயனில்லை. மூன்றாவது, புதிய விற்களைப் பூட்டுதல். அதுவும் இரண்டையும் ஒருங்கே மாற்றவேண்டும். ஒன்றைமட்டும் மாற்றினால் வண்டி ஒருபுறஞ் சாயும். நாம் மூன்றாவதையே தெரிந்தோம்.

வீட்டிலே இவ்வேலையிற் கைவைப்போர் சிலவற்றை நினைவிற் கொள்க. ஜக்கை மட்டும் நம்பி வண்டிக்கடியிற் புகுதல் உயிருக்கு ஆபத்து. உறுதியான தாங்கிகளிலே சட்டத்தை இருத்திய பின்னரே கீழே செல்க. றப்பர்ப் புஷ்களுக்கு எண்ணெய் இடற்க. அது றப்பரை அழிக்கும். அவற்றின் மரையாணிகளை, வண்டி தன் சக்கரங்களில் நின்று பாரம் முழுவதும் வில்லின்மீது இறங்கிய பின்னரே இறுதியாக முறுக்குக. தொங்கிய நிலையில் முறுக்கினால், வண்டியை இறக்கியவுடன் றப்பர் திருகி விரைவிற் கிழியும். அச்சை வில்லோடு பிணைக்கும் 'யு' வடிவ ஆணிகளைச் சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் இறுக்குக.

பின்புறம் உயர்ந்ததும் வேறு நன்மைகளும் விளைந்தன. எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்த முன்விளக்கு, வீதியை நோக்கித் தாழ்ந்தது. முன்சக்கரங்கள் நிலத்தை நன்கு பற்றியமையாற் சுக்கானும் உறுதிப்பட்டது. மருத்துவமனைக்குச் சென்ற வழியிலே தாயார் உறங்கிவிட்டார். அதனினும் மேலான சான்று எமக்கு வேண்டியதில்லை.

முற்காலத்தில் வழிநடப்போரின் தலைச்சுமையைத் தாங்குதற்கு வீதியோரங்களிலே சுமைதாங்கிக் கற்களை நாட்டினர். அக்கற்கள் எல்லோர் கண்ணிலும் பட்டன. வண்டியின் சுமைதாங்கியோ எவர் கண்ணிலும் படாது அடியிலே கிடக்கின்றது; அதனாலேயே அதன் தளர்ச்சி பிந்தித் தெரிகின்றது. வீடுகளிலும் இவ்வாறு சுமப்பவர் உண்டு. ஆட்டத்தை அடக்கும் வழியை நாடுமுன், சுமப்பது எது என்று ஒருமுறை குனிந்து பார்த்தல் நன்று.