வளர்ந்தபின் பழகும் கோடு

கண்டியில் வயது வந்தபின் ஓவியம் பழகுவோருக்கு வழிகாட்டி ஊரிலேயே இருந்திருக்கிறார். 1901இல் இங்கு பிறந்த ஜோர்ஜ் கீற், திரினிட்டிக் கல்லூரியில் படித்தவர். ஓவியப் பள்ளி எதற்கும் போகாமல், இருபத்தைந்து வயது தாண்டிய பிறகே தூரிகையை முழுமூச்சாக எடுத்தார். 1943இல் உருவான ‘43 குழு’ என்ற ஓவியர் அமைப்பில் முன்னணியில் நின்றவர் அவர். மாலை வகுப்பில் சேரத் தயங்குபவருக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நகருக்கு அருகிலுள்ள தெகல்தொருவ குகை விகாரை இன்னும் பெரிய பள்ளி. பதினெட்டாம் நூற்றாண்டுச் சுவரோவியத்தில் புத்தரின் முற்பிறவிக் கதையான வெஸ்ஸந்தர ஜாதகம் பட்டை பட்டையாகத் தொடர்கிறது: சிவப்புப் பின்னணி, நிழல் தீட்டாத உருவங்கள், தயக்கமே இல்லாத வெளிக்கோடு. கதைக்குப் படம் வரைய விரும்புபவர் முதலில் பார்க்க வேண்டியது இதுவே. திரினிட்டிக் கல்லூரித் தேவாலயத்தில் ஓவியர் டேவிட் பெயின்ரரின் சுவரோவியங்கள் விவிலியக் காட்சிகளை இலங்கை மண்ணில் வைக்கின்றன. சிலுவைக்குப் பின்னால் கண்டல் காடு.