அணையா அடுப்பு

வடலூர் தருமசாலை அடுப்பை 1867-ல் மூட்டினார்கள், இன்னும் அணையவில்லை. அதைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்த பெரியப்பா கேட்டார்: "ஏண்டா, ஊசி போட்டுச் சுருக்கினார்களே, மறுபடி எப்படிடா தலைதூக்குகிறது?"

அவருக்குப் புரோஸ்டேட் புற்றுநோய். ஆண் ஹார்மோனை அடக்கினால் அது ஒடுங்கும் என்று சிகாகோ ஹக்கின்ஸ் 1941-ல் காட்டினார். 1966-ல் நோபல் பரிசும் வாங்கினார். ஆனால் எலியின் சுரப்பியை அப்படிச் சுருங்கவிட்டு, ஹார்மோனைத் திருப்பிக் கொடுத்தால் பழையபடி வளர்ந்துவிடுகிறது. சாம்பலுக்குள் கங்குபோலச் சில மூலச் செல்கள் பிழைத்திருக்கின்றன. புற்றிலும் சில செல்கள் ஹார்மோன் குறைந்தாலும் காலம் தள்ளக் கற்றுக்கொள்கின்றன.

சரி, புற்று முதலில் எந்தச் செல்லில் பிறக்கிறது? அங்கேதான் வழக்கு. உள்ளடுக்குச் செல்லில் பிறக்கும் என்று 2009-ல் மைக்கேல் ஷென் குழு எலியில் காட்டியது. மறு வருஷமே, மனிதனின் அடியடுக்குச் செல்லிலிருந்தும் பிறக்கும் என்றது லாஸ் ஏஞ்சல்ஸ் ஓவன் விட்டி குழு. இரண்டும் மெய்யாக இருக்கலாம் என்பது என் கட்சி.

"கங்கு இருக்கிற இடம் தெரிந்தால் தண்ணீர் ஊற்றிவிடலாம், இல்லையா?" என்றார்.

"அதைத்தான் தேடுகிறார்கள், பெரியப்பா."

"தேடட்டும். பந்தி போடுகிறார்கள், எழுந்திரு."