சுண்ணாம்பு, ஆசிட், பெயின்ட்... நடுவில் தண்ணீர்

பி.காம் படிக்கிறவனுக்கு வேதியியல் எதற்கு என்று கேட்பீர்கள். என் சித்தப்பா பெயின்டர். லீவு நாட்களில் அவருக்குக் கையாளாகப் போகிறவன் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் நண்பர்களே :)

சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருக்கிறீர்களா? அடுப்பே இல்லாமல் கொதிக்கும். கால்சியம் ஆக்சைடு தண்ணீரோடு சேர்ந்து கால்சியம் ஹைட்ராக்சைடாக மாறும்போது வெளிவரும் சூடு அது. தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரின் பி.எச். அளவே 12-ஐத் தாண்டும். சுத்தமான தண்ணீருக்கு 7. ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு. அப்படியென்றால் காரத்தன்மையில் லட்சம் மடங்குக்கு மேல் வித்தியாசம்!

சுவரில் அடித்த வெள்ளை, காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மறுபடியும் கல்லாக இறுகிவிடும். எமல்ஷன் கதை வேறு. தண்ணீர் ஆவியானதும் அதில் மிதந்த பிசின் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிவிடும். பிறகு மழை பட்டாலும் கரையாது.

புதுச் சிமெண்ட் சுவரிலும் காரம் உண்டு. ஈரம் காயும் முன் எண்ணெய் பெயின்ட் அடித்தால், அந்தக் காரம் எண்ணெயைச் சோப்பாக்கிவிடும். பெயின்ட் உரிந்து வரும். "கம்பெனி பெயின்ட் சரியில்லை" என்று திட்டுவோம். பாவம், கம்பெனி!

இதே வேலையைச் சுண்ணாம்பு மனிதத் தோலிலும் செய்கிறது. சித்தப்பாவின் விரல் இடுக்குகள் எப்போதும் வெடித்தே இருக்கும். கண்ணில் தெறித்தால் இன்னும் ஆபத்து. பல ஆசிட்டுகள் பட்ட இடத்துப் புரதத்தை இறுகச் செய்து, தாங்களே தங்களுக்குத் தடுப்புப் போட்டுக்கொள்ளும். காரத்துக்கு அந்தத் தடுப்பு இல்லை, உள்ளே இறங்கிக்கொண்டே போகும். பார்வையே போகலாம்.

ஆசிட்டும் சாது அல்ல. டைல்ஸ் கழுவ ஆசிட்டைக் கலக்கும்போது தண்ணீரில்தான் ஆசிட்டை மெல்ல ஊற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் சூட்டில் முகத்தில் தெறிக்கும்.

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். பெயின்டிங் எஸ்டிமேட்டில் சுண்ணாம்பு, கூலி, ஏணி வாடகை எல்லாம் இருக்கும். நான் பார்த்த எதிலும் கண்ணாடி, கையுறைக்கு ஒரு வரி இல்லை. காஸ்டிங்கில் வராத செலவை யாரோ ஒருவர் தன் உடம்பால் கட்டுகிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் வீட்டில் வெள்ளையடித்தால் ஒரு குடம் நல்ல தண்ணீரைத் தனியாக எடுத்து வையுங்கள். யார் கண்ணிலாவது பட்டால் எலுமிச்சை, பால் என்று வைத்தியம் பார்க்காமல், இமையை விரித்துப் பிடித்து அரை மணி நேரமாவது விடாமல் தண்ணீர் ஊற்றுங்கள். குடம் தீர்ந்தால் குழாயடிக்குக் கூட்டிப் போங்கள். ஆட்டோவை அப்புறம் கூப்பிடலாம்.