பிலிகுண்டுலுவைக் கேட்டுவிட்டு ஏறு

ஆவணி 2, கரிவலம்வந்தநல்லூர்

ஒகேனக்கல் போவதென்று முடிவாகிவிட்டது. மச்சினனுக்குப் பரிசலில் ஏறியே ஆக வேண்டும். "வெயிலடிக்கி அத்தான், என்ன பயம்?" என்கிறான். நிட்சேப நதியில் மணலையே அதிகம் பார்த்து வளர்ந்த எங்களுக்கு வெள்ளம் என்றால் குற்றாலம்தான். மலையில் மேகம் கறுத்தால் அருவியில் தண்ணீர். ஒகேனக்கல்லில் ஓடும் காவிரியில் இந்தக் கணக்கு செல்லாது. குடகிலும் வயநாட்டிலும் மழை பெய்து, கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகள் நிறைந்து மதகைத் திறந்துவிட்டால், அங்கே மழை ஓய்ந்த பிறகும் ஒகேனக்கல்லில் சுள்ளென்ற வெயிலில் வெள்ளம் வந்து நிற்கும்.

ஆகவே பேப்பரில் பிலிகுண்டுலு நீர்வரத்தைத் தேடுகிறேன். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடத்தில், மத்திய அரசு அளக்கும் அளவு அது. நொடிக்கு 10,000 கன அடி என்று சாதாரணமாக அச்சடிக்கிறார்கள். கன அடிக்கு 28 லிட்டர் வைத்துப் பெருக்கிக் காட்டினேன்: நொடிக்கு 2.8 லட்சம் லிட்டர். மச்சினன் கொஞ்சம் அடங்கினான்.

ஆவணி 5, ஒகேனக்கல்

இன்று பரிசலுக்கு அனுமதி இருந்தது. பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மூங்கில் பின்னலுக்கு அடியில் தண்ணீர் புகாத உறை, அவ்வளவுதான். தட்டையான அடி என்பதால் ஆழமில்லாத பாறைமேலும் வழுக்கிப் போய்விடும். ஆனால் ஒரு பக்கம் பாரம் கூடினால் அந்தப் பக்கமே தண்ணீரை மொள்ளும். பாதி வழியில் மச்சினன் செல்ஃபி எடுக்க எழுந்தான். "சார், ஒக்காருங்க! நீங்க எந்திரிச்சா நான் துடுப்பு போட்டுப் புண்ணியமில்ல" என்று பரிசல்காரர் அதட்டினார். 2015 மார்ச்சில் இங்கே பரிசல் கவிழ்ந்து ஒரே குடும்பத்தில் 6 பேர் போனார்கள். அதை நினைத்தால் அந்த அதட்டல் போதாது.

லைஃப் ஜாக்கெட்டைக் கழுத்தில் மாலைபோலத் தொங்கவிட்டுக்கொள்வதில் நம்மவர்களுக்கு என்ன சுகமோ! பட்டையை இறுக்கிப் பூட்டாவிட்டால், ஆள் கீழே போக ஜாக்கெட் மட்டும் மேலே வரும்.

தண்ணீரைப் படிக்கவும் பரிசல்காரரே சொல்லிக்கொடுத்தார். மொழுமொழுவென்று மேடுகட்டி, அதற்குக் கீழே நுரை தள்ளினால் உள்ளே பாறை. இரண்டு பாறைக்கு நடுவே நாக்குபோல் நீண்டு வழவழவென்று ஓடினால் அது வழி. விழுந்துவிட்டால்? எழுந்து நிற்கப் பார்ப்பதுதான் பெரிய ஆபத்து. இடுப்பளவுத் தண்ணீரானாலும், பாறையிடுக்கில் கால் மாட்டினால் ஓட்டம் ஆளை அமுக்கிவிடும். மல்லாந்து, கால் இரண்டையும் ஓட்டத்தின் பக்கம் நீட்டி, மேலாக மிதந்து, ஓட்டம் தணியும் இடத்தில் கரையேற வேண்டும். அருவி விழும் இடத்துக்கு அருகே மட்டும் இதெல்லாம் உதவாது. அங்கே தண்ணீர் விழுந்தவனைத் திரும்பத் திரும்ப உள்ளேயே இழுக்கும். நெருங்கிப் போகச்சொல்லிக் கூடுதல் காசு நீட்டுகிறவர்களைப் பார்த்தேன்.

ஆவணி 6

காலையில் நீர்வரத்து ஏறிவிட்டது; பரிசலுக்குத் தடை. வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. துறையில் ஒரு குடும்பம் போலீஸ்காரரிடம், "மழையே பெய்யலியே சார்" என்று மல்லுக்கு நின்றது. மச்சினன் போய் அவர்களுக்குக் கபினிக் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

கரையில் பரிசல்களைக் கவிழ்த்துப்போட்டு ஓட்டிகள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அன்றைய கூலி போயிற்று. தண்ணீர் இறங்கிய நாளில் இரண்டு பேரைக் கூடுதலாக ஏற்றிக்கொள்ளத் தோன்றுவது இந்தச் சும்மா இருந்த நாட்களால்தான். ஜாக்கெட்டுக்கும் காவலுக்கும் செலவழிக்கிற அரசு, தடை நாட்களுக்கு ஒரு படியும் கொடுக்கலாம்.