ஒண்முகிற் காட்சி

மார்கழித் திங்களில் தில்லையில் ஆருத்திரா தரிசனம் நிகழும் நாளுக்குரிய திருவாதிரை, வானத்திற் செந்நிறமாய் ஒளிரும் ஒரு பெருமீன். மேனாட்டார் ஓரியன் என வழங்கும் மீன்கூட்டத்தின் ஒரு தோளில் அது நிற்கின்றது. அக்கூட்டத்தின் இடையில் வரிசையாக மூன்று மீன்களும், அவற்றின் கீழே புகைபோல் மங்கிய ஒரு திட்டும் உண்டு. கூரிய கண்ணுடையார் அத்திட்டினைக் கருவியின்றியே காண்பர். நெபுலா எனப்படும் ஒண்முகில் அதுவே. அஃது ஏறத்தாழ 1,300 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது.

இற்றைநாளில் வீட்டு மாடியிலும் கொல்லையிலும் தொலைநோக்கியை நிறுத்தி இத்தகைய முகில்களைப் படம்பிடிக்கும் அன்பர் பலர் உளர். அப்படங்களில் ஓரியன் முகில் செம்பட்டு விரித்தாற்போலத் தோன்றும். அதனை நோக்கி ஒருசாரார், "கண்ணாற் காணுங்கால் சாம்பல் நிறமாயிருப்பது படத்திற் சிவந்து வருதல் எங்ஙனம்? இது சாயம் பூசிய பொய்யே" என்பர். இவ்வினாவை எளிதிற் புறக்கணித்தல் தகாது. காண்டல், கருதல், உரை என்னும் அளவை மூன்றனுள் இப்படம் எதன்பாற்படும் என்பதே அதன் உட்கிடை.

முதற்கண் கண்ணின் இயல்பை ஆராய்தல் வேண்டும். கண் ஒளியைச் சேமித்து வைக்கும் உறுப்பன்று. நொடியின் ஒரு சிறு கூற்றில் வந்ததனை உணர்ந்து, அதனை விடுத்து, அடுத்ததனைக் கொள்ளும். நள்ளிருளில் நமக்குத் துணைசெய்யும் கண்ணணுக்களோ செந்நிறத்தை உணரமாட்டா. ஆகவே ஒரு நாழிகை உற்று நோக்கினும் முகில் முதற்கணத்திற் போலவே வெளுத்துத் தோன்றும். தொலைநோக்கியாற் பெரிதாக்கினும் பயனின்று. விரிந்த முகில் பெரிதாகுமேயன்றி அதன் பரப்பு வெறுங்கண்ணுக்குள்ளதினும் ஒளிமிக்கதாகாது. புகைப்படத் தகடு அத்தகையதன்று. வந்த ஒளியனைத்தையும் மறவாது மேன்மேலும் சேர்த்துக்கொள்வது அது.

இவ்வுண்மையைச் செயலிற் காட்டியவருள் அமெரிக்கராகிய ஹென்றி டிரேப்பர் முற்பட்டவர். 1880 செப்டம்பர் 30ஆம் நாள் 51 நிமிடம் தகட்டினைத் திறந்துவைத்து அவர் ஓரியன் முகிலைப் பதிவுசெய்தார். அதனினும் வியத்தற்குரியது இலண்டன் மாநகரின் மேற்கேயுள்ள ஈலிங்கில் நிகழ்ந்தது. ஆண்டுத் தம் வீட்டுத் தோட்டத்தில் 36 அங்குலக் கண்ணாடியுடைய தொலைநோக்கியை நிறுத்தியவர் ஆண்ட்ரூ காமன். அவர் தொழில் கழிவுநீர்ப் பொறியியல். வானநூற் பட்டம் ஒன்றும் பெற்றவரல்லர். வானம் ஒரு மணிக்கு 15 பாகை சுழலுமாதலின் கருவியும் உடன்சுழலல் வேண்டும். அது தடையின்றித் திரும்புமாறு அச்சின் சுமையைப் பாதரசத்தின்மேல் மிதக்கவிட்டார். 1883 ஜனவரி 30ஆம் நாள் 37 நிமிடத்தில் அவர் எடுத்த படத்தில், அக்கருவியாலேயே நோக்கிய கண்ணுக்குத் தோன்றாத மீன்களும் பதிந்திருந்தன. கொல்லைப்புறத்தில் ஒருவர் செய்த திருத்தம் கண்ணின் எல்லையைக் கடந்தது இங்ஙனம்.

நம் நாட்டிலும் இதற்கொப்பானது உண்டு. வேணு பாப்புவின் முயற்சியால் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் 1968இல் வானாய்வு தொடங்கிற்று. ஆண்டு முதலில் நிறுவப்பெற்ற 38 சென்டிமீட்டர்த் தொலைநோக்கி கோடைக்கானல் வானாய்வு நிலையத்தின் கொல்லைப்புறத்திலே செய்யப்பட்டது. 1986இல் ஆண்டு 2.34 மீட்டர்க் கண்ணாடி திறக்கப்பெற்று, நிலையம் அவர் பெயர் பூண்டது. அவர் 1982இலேயே மறைந்தமையால் அதனைக் காணும் பேறு பெற்றிலர்.

இனிச் செந்நிறத்திற்கு வருவாம். ஒண்முகிலில் மிக்குள்ள ஹைட்ரஜன் வாயு 656 நானோமீட்டர் அலைநீளமுடைய ஆழ்ந்த சிவப்பொளியை வீசுகின்றது. கடையில் விற்கும் கேமராவிலோ, மக்கள் முகமும் மலரும் கண்ணுக்குத் தோன்றும் நிறத்திலே வருதற்பொருட்டு, உணர்கருவியின் முன் ஒரு வடிகண்ணாடி பதித்துள்ளனர். அஃது இச்சிவப்பின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அன்பர்கள் கேமராவைப் பிரித்து அதனை அகற்றுகின்றனர். ஆகவே இத்திருத்தத்தாற் புதிதாய்ச் சேர்த்தது ஒன்றுமின்று. மறைப்பாய் நின்றதொன்று நீங்கிற்று. நிறம் முகிலுக்கே உரியது, சாயமன்று.

அச்சிவப்பின் முன் நிற்பதொரு கருமுகில் குதிரைத்தலை வடிவினது. 1888இல் ஹார்வர்டு நிலையத்தில் எடுத்த தகட்டினை ஆராய்ந்து அதனைக் கண்டறிந்தவர் வில்லியமினா பிளெமிங். முன்னர் அந்நிலையத் தலைவரின் வீட்டிற் பணிப்பெண்ணாயிருந்த அம்மையார். இருள் தன்னைக் காட்டிப் பிறபொருளை மறைக்குமென்பர் சித்தாந்த நூலார். இக்கருமுகிலோ, பின்னின்ற ஒளி திரளுங்காறும் தன்னையுங் காட்டாதிருந்தது!

எனினும் படத்திற் பதிந்ததெல்லாம் மெய்யெனக் கொள்ளலாமோ எனின், கூடாது. கருவியின் வெம்மையாற் பொய்ப்புள்ளிகள் தோன்றும். செயற்கைக்கோள்கள் கோடிழுத்துச் செல்லும். இவை அளவைநூலார் கூறும் திரிவுக்காட்சி போல்வன. ஆதலின் வல்லோர் தொலைநோக்கியின் வாயை மூடி அதே கால அளவிற்கு இருட்படம் எடுத்து, கருவியின் குற்றத்தைத் தனியே அறிந்து கழிப்பர். பின்னர்ப் பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாய்க் கூட்டுவர். நூறு படங்களைக் கூட்டினால் முகிலின் ஒளி நூறு மடங்காகும்; ஒழுங்கின்றி வரும் இரைச்சல் பத்து மடங்கே ஆகும். கோடும் புள்ளியும் ஒரு படத்தில் வந்து மறுபடத்தில் வாராமையின் நீக்கப்படும். நிலைத்து நிற்பதே எஞ்சும். இத்துணை ஆய்ந்து பெற்றதனைக் காண்டலளவை என்றற்குத் தடையின்று. முதுமையில் மூக்குக்கண்ணாடி கொண்டு ஏடு படிப்பாரையும் காணாதவர் என்பாரில்லை.

நிறத்தை வேண்டியவாறு மாற்றுவாரும் உளர். கந்தகத்தின் ஒளியைச் சிவப்பாகவும், ஹைட்ரஜனின் சிவப்பைப் பச்சையாகவும் வகுத்துக் காட்டல் ஒரு வழக்கு. வாயுக்களைப் பிரித்தறிதற்கு அது பயன்படுமாயினும் ஆண்டு நிறம் குறியீடே. காண்பான் அதனைப் படம்பிடித்தவனுரை கொண்டே அறிதல் வேண்டும். அவ்வுரையின்றிப் படத்தை மட்டும் பரப்புதல் நேர்மையன்று. பொய்யென்பாருடைய ஐயம் இவ்விடத்தில் மட்டுமே நியாயமுடைத்து.

கெடிலக் கரையிலுள்ள திருவந்திபுரத்தில் இம்முயற்சிக்குத் தை, மாசித் திங்கள்களே ஏற்றவை. ஐப்பசி, கார்த்திகையில் மழைமுகில் வானத்தை மூடும். தையிலும் பனி கண்ணாடியிற் படிதலால், குழலின் வாயில் மெல்லிய வெப்பப்பட்டை கட்டல் வேண்டும். கிழக்கே கடலூரின் விளக்கொளியும், தென்மேற்கே நெய்வேலியின் ஒளியும் வானத்தின் அடியை வெளுப்பிக்கின்றன. ஆதலின் ஹைட்ரஜனின் சிவப்பை மட்டும் விடுத்துப் பிறவொளியைத் தடுக்கும் வேறொரு வடிகண்ணாடியை, முன்னர் அகற்றியதன் இடத்திலே பொருத்துகின்றனர். மாலையில் ஓரியன் உயர்ந்தபின் அது மேற்கே சாயுமுன் கிடைப்பவை நான்கைந்து மணி நேரமே. ஓரிரவு போதாதாயின் மறுநாளும் அதே இடத்தில் குழலைத் திருப்பி, முன்னாட் படத்தோடு கூட்டிக்கொள்வர்.